அம்மா சொன்னதாகச் சொன்னது

அன்புச்செல்வி ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய அன்று அவளுடைய அம்மா தனம் வாசலுக்கு வரவில்லை. சமையலறையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெட்டி காரில் ஏறிவிட்டது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். அன்புச்செல்வி திரும்பவும் உள்ளே போய் நின்றாள்.

"போயிட்டு வரேம்மா."

"ம்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"என்னக் கேட்டுக்கினா கெளம்பின?" தனம் தலையை நிமிர்த்தவில்லை. "மாட்டுக்கு ஊசி போடுறேன்னு புல்லட்டுல ஊர் ஊரா சுத்துற. பாக்குறவங்கல்லாம் என்கிட்ட வந்து சிரிச்சுக்கினே கேக்குறாங்க. அது பத்தலன்னு இப்ப கண்டம் வுட்டு கண்டம். போ."

அது 2002 செப்டம்பர். அன்புச்செல்விக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மூன்று இடம் வந்து தட்டிப்போனபின் அவளே போதும் என்றுவிட்டாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் கால்நடை மருத்துவக் கிளையில் ஆய்வாளர் வேலை. சினை ஊசி போடுவதற்காக ஒரு நாளைக்கு நாலைந்து கிராமம் போகவேண்டும். காளை விந்து அடைத்த ஊசிக் குழாய்கள் இருக்கும் குளிர்கலத்தைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு அவள் வரும் சத்தம் கேட்டாலே ஆட்கள் மாட்டைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள்.

அந்த புல்லட் அவளுடையது இல்லை. ரோஸ் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியுடையது. ரோஸ் பெர்த் நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். 1995 முதல் ஒவ்வொரு டிசம்பரும் திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் அன்புச்செல்வி வீட்டு மாடி அறையில் மூன்று மாதம் தங்குவாள். காலையில் ஆசிரமம், சாயங்காலம் புல்லட். ஊருக்குப் போகும்போது, "வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்காதே, ஓட்டிக்கொண்டே இரு" என்று சாவியை அன்புச்செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போவாள். ஏழு வருஷத்தில் அந்த வண்டியை ரோஸைவிட அன்புச்செல்விதான் ஜாஸ்தி ஓட்டியிருந்தாள்.

பெர்த்திலிருந்து சிட்னி வரைக்கும் நாலாயிரம் கிலோமீட்டர். இரண்டு பேரும் ஆளுக்கொரு வண்டியில் போவதாகத்தான் திட்டம். அதற்காக அன்புச்செல்வி மூன்று வருஷம் பணம் சேர்த்தாள், துறையில் தடையில்லாச் சான்று வாங்கினாள், ஒரு மாத விடுப்பு எழுதிக்கொடுத்தாள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது ரோஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. "நீ தனியாகப் போ" என்று ரோஸ் மின்னஞ்சல் அனுப்பினாள். "என் வண்டி தயார். நான் விமானத்தில் சிட்னிக்குப் போய் அக்கா வீட்டில் உனக்காகக் காத்திருக்கிறேன்."

அன்புச்செல்விக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனாள்.

*

முதல் நாள் கோதுமை வயல்கள். இரண்டாம் நாள் செம்மண். வண்டி அறுநூற்று ஐம்பது சி.சி.; புல்லட்டைப் போல் படபடக்காமல் ஒரே சீராக உறுமிக்கொண்டு போயிற்று. எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டிவிட்டுப் போனார்கள். தன்னைத் தெரிந்தவர்கள் யாரோ என்று முதலில் நினைத்தாள். நாலைந்து பேர் அப்படிச் செய்த பிறகுதான் வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் அதுதான் வணக்கம் என்று புரிந்தது. பிறகு அவளும் ஆட்டினாள். சினை ஊசிக்காரி என்று சிரிக்காத ஒரு ஜனக்கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் நார்ஸ்மன் என்ற சின்ன ஊரில் பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசினாள். தம்பி இளஞ்செழியன் எடுத்தான். டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவன். அவளைவிட ஆறு வயது சின்னவன்.

"அம்மாவ கூப்புடுடா."

"பக்கத்துலதான் இருக்காங்க. கூப்புட்டா வேணாம்னு கைய ஆட்டுறாங்கக்கா."

"இன்னும் கோவமா?"

"உனக்குத் தெரியாதா? நீ வந்து நின்னா சரியாயிடும்."

நார்ஸ்மனைத் தாண்டினால் கிழக்கே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்லக்கூடியது எதுவும் இல்லை. சாலையோரம் நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்கும் அதையொட்டித் தங்கும் அறைகளும்தான். பல்லடோனியா என்ற அப்படியொரு இடத்தில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவரைப் பார்த்தாள். பெயர் மெர்வ். பழைய வண்டியை வெயிலில் நிறுத்தி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய செயினையும் எட்டிப் பார்த்து, கேட்காமலே முறுக்கிச் சரிசெய்தார்.

"மூன்று டிரெய்லர் கட்டிய லாரி எதிரே வந்தால் காற்று உன்னை முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதே. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஓட்டாதே, கங்காரு குறுக்கே வரும்" என்றார். பிறகு, "ஊரில் என்ன வேலை?" என்று கேட்டார்.

சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு முகம் சுருங்கியது. "முப்பது வருஷம் பால் பண்ணை வைத்திருந்தேன், பெண்ணே" என்றார் அவர். "உன் மாதிரி ஆள் வருவதற்காக எத்தனை நாள் பண்ணை வாசலில் நின்றிருக்கிறேன் தெரியுமா?" அப்புறம் அரை மணி நேரம் மாட்டைப் பற்றியே பேசினார்கள். அவர் மேற்கே போகவேண்டியவர். தலையைச் சாய்த்து ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்து ஒரு வளைவுகூட இல்லாத நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர் சாலை. மரம் குட்டையாகிப் புதராகி, புதரும் குறைந்து வெறும் தரையானது. ஹெல்மெட்டுக்குள் அவள் சத்தமாகப் பாடினாள், அப்பாவைத் திட்டினாள், அம்மாவிடம் பேசினாள். அப்பா தமிழாசிரியர், அவர் போய்ப் பத்து வருஷம். இருந்திருந்தால் அம்மாவைச் சமாதானம் செய்திருப்பார் என்று தோன்றியது.

நாலாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. தாமதமாகக் கிளம்பி, மதுரா என்ற இடத்துக் கணவாய் மேட்டில் வண்டியை நிறுத்தினாள். நம்ம ஊர் பெயர்போல இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே ரொட்டி தின்றாள். கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் சமவெளி. மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வெகுநேரம் ஆகிவிட்டதே என்று அவசரமாகக் கிளம்பியதால் அந்த நேரம் அவளுக்கு நினைவில் நின்றது.

அன்று சாயங்காலம் யூக்ளாவிலிருந்து ரோஸுக்குப் பேசினாள். ரோஸின் குரல் கம்மியிருந்தது.

"சளி பிடித்திருக்கிறது" என்றாள் ரோஸ். "நீ நன்றாக இருக்கிறாயா? நாளைக்கு எங்கே? நாளன்றைக்கு?"

"நாளைக்கு கடலோரம் ஒரு பங்க். ஆறாம் நாள் செடூனா, அங்கே கூடார மைதானத்தில் தங்குவேன்."

"செடூனா. சரி. மெதுவாகப் போ, செல்வி. ரொம்ப மெதுவாகப் போ."

*

செடூனா கடற்கரை ஊர். ஊர் நுழைவாயிலில் பழம் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று அதிகாரி அவளிடமிருந்த ஆரஞ்சை வாங்கிக் குப்பையில் போட்டார். நாலு நாளைக்குப் பிறகு மனிதர்கள் நடமாடும் தெருவைப் பார்ப்பதே அவளுக்குப் பண்டிகைபோல இருந்தது. கூடாரம் அடித்துவிட்டு முதல் வேலையாகத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனாள்.

இளஞ்செழியன் உடனே எடுத்தான்.

"அம்மாகிட்ட குடுடா. இன்னிக்கு பேசாம வைக்கமாட்டேன்."



"தூங்குறாங்கக்கா."

"அங்க மதியம் ரெண்டு மணிகூட ஆவலியே. எழுப்பு. கார்டுல காசு இருக்குது, நான் நிக்கிறேன்."

"அக்கா... வேணாம். நீ எங்க இருக்க, எப்பிடி ஓட்டுறன்னு நான் அவங்ககிட்ட எல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

அவன் வேகமாகச் சொன்னான்: "பெருமையா இருக்குதுன்னாங்க. எம்பொண்ணு மாதிரி யாரு இருக்கான்னாங்க. பத்திரமா ஓட்டச் சொல்லுன்னாங்க."

"அம்மாவா? அம்மாவா அப்பிடிச் சொன்னாங்க?"

"ஆமாக்கா."

அன்புச்செல்வி கூண்டைவிட்டு வெளியே வந்து அழுதாள். முப்பத்தைந்து வயதில், தார் ரோட்டோரம் நின்று, குழந்தைபோல விசும்பினாள். பத்தடி தள்ளி இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். ஐம்பது வயது இருக்கும். குட்டை முடி.

"என்ன ஆயிற்று? வீட்டிலிருந்து ஏதாவது கேள்விப்பட்டாயா?"

"நல்ல செய்தி" என்றாள் அன்புச்செல்வி. "என் அம்மா என்னை நினைத்துப் பெருமைப்படுகிறாராம். வாழ்க்கையில் முதல் முறை சொல்லியிருக்கிறார்."

அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் போடப் போனாள். அவள் பெயர் லின். கணவர் பெயர் டக், நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. அவர்களும் சிட்னிக்குத்தான் போகிறார்களாம். சேர்ந்து போகலாமா என்று கேட்டார்கள். தனியாகப் போவதுதான் அவளுடைய ஆசை. ஆனால் அந்தத் தேநீரும், அந்த அணைப்பும், அம்மாவின் வார்த்தையும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில் அவளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு ஏழு நாள். முன்னால் டக், நடுவில் அன்புச்செல்வி, கடைசியில் லின். போர்ட் அகஸ்டாவில் அவள் ரசம் வைத்தாள். டக் மூன்று கோப்பை குடித்தார். ஒரு பஞ்சரை மூன்று பேருமாக ஒட்டினார்கள். லின் அவளுக்குப் பாதி வழியில் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். தினமும் காலையில் வண்டி கிளப்பும்போது, பெருமையா இருக்குது என்ற அந்த ஒரு வாக்கியத்தை அன்புச்செல்வி மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வாள். முதுகுவலி தெரியாது. எதிர்க்காற்று தெரியாது.

புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரிலிருந்து மறுபடி வீட்டுக்குப் பேசினாள். தம்பி மனைவி வேதா எடுத்தாள்.

"அத்தைக்கு தொண்ட கட்டிக்கிச்சுக்கா. டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாரு."

"உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொல்லும்மா. வெந்நீரா குடு."

"சரிக்கா" என்று வேதா போனை வைத்துவிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் சிட்னி. ரோஸ் அவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை, கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அன்புச்செல்வி நினைத்தாள். விமானத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கடற்கரைக்கும் பூங்காவுக்கும் ரோஸ் அழைத்துக்கொண்டு போனாள். டக்கும் லின்னும் இரண்டு நாள் இருந்துவிட்டு விடைபெற்றுப் போனார்கள்.

*

சென்னை விமான நிலையத்தில் இளஞ்செழியன் நின்றிருந்தான். தலை மொட்டை.

"என்னடா இது?"

"திருப்பதி போனேன். நீ நல்லபடியா வரணும்னு வேண்டியிருந்தேன்."

அன்புச்செல்வி அவன் தலையைத் தடவிச் சிரித்தாள். காரில் திண்டிவனம் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். செஞ்சியைத் தாண்டியபின் அதுவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டான்.

கீழ்பென்னாத்தூர் வந்ததும், "நிறுத்துங்கண்ணா, நம்ம கடையில ஒரு டீ குடிப்போம்" என்றாள் டிரைவரிடம்.

"வேணாம்க்கா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். கடை பெஞ்சில் பரசுராமன் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஜெர்சிப் பசுவும் நிலக்கடலை விளையும் கொஞ்சம் மணிலாக் கொல்லையும் வைத்திருப்பவர். அவளைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"வந்துட்டீங்களாம்மா? அம்மாவுக்கு இப்பிடி ஆயிப்போச்சே."

"எப்பிடி?"

"நல்ல சாவும்மா. படுத்துக் கெடக்கல, இழுத்துக்கினு கெடக்கல. நானும் எங்க ஊட்டுல அவளும் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தோம். மூணு நாளாச்சு இன்னியோட. தம்பி ஒரு கொறையும் வெக்கல. நீங்கதான் இல்ல, எல்லாரும் கேட்டாங்க."

டீ கிளாஸ் அவள் கையில் இருந்தது. அதைப் பெஞ்சின்மேல் வைத்தாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பரசுராமனுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்திருக்கவேண்டும். "அம்மா... உங்களுக்கு..." என்று இழுத்தவர், மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கார் மறுபடி கிளம்பியது. மலை தெரிந்தது. தெருக்கள் வந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. கூடத்தில் அம்மாவின் படம் மாலை போட்டு மாட்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அன்புச்செல்வி எடுத்த படம் அது. அதில் தனம் சிரிக்கவில்லை.

"என்னிக்கு?"

"நீ அந்தக் காட்டு ரோட்டுல இருந்தப்ப" என்றான் இளஞ்செழியன். "காலையில மூச்சு வாங்குதுன்னாங்க. ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனோம். பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிபோச்சு. பதினொண்ணு நாப்பது."

அவள் கணக்குப் போட்டாள். மூன்றேகால் மணி நேரம் கூட்டினால் அங்கே மூன்றுக்கு ஐந்து நிமிடம். மேட்டில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டா சொல்லல?"

"எப்பிடிக்கா சொல்றது? ஆயிரம் மைலுக்கு ஊரே இல்லன்னு நீதான சொன்ன? சொல்லியிருந்தா நீ எப்பிடி ஓட்டியிருப்ப? அம்மாவோட சேத்து உன்னையும் பறிகொடுக்கணுமா நானு?"

"சரி. அந்த ரோட்டுல இருந்த வரைக்கும் சொல்லல. சிட்னியில பத்து நாளு சும்மா உக்காந்திருந்தேனே. காரியத்துக்காவது வந்திருப்பேனே."

"ரோஸ்ம்மாதான், இருக்கட்டும், நிம்மதியா இருந்துட்டு வரட்டும்னாங்க."

"ரோஸுக்குத் தெரியுமா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த வேதா, "அன்னிக்கே போன் பண்ணிட்டாருக்கா. நான் சொன்னேன், தப்புன்னு சொன்னேன், கேக்கல" என்று அழ ஆரம்பித்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சுன்னு நீதான சொன்ன, வேதா? உப்புத் தண்ணி குடுன்னேன், சரின்ன." வேதா உள்ளே போய்விட்டாள். அன்புச்செல்வி தம்பியின் முன்னால் வந்து நின்றாள். "அத விடு. எல்லாத்தையும் விடு. பெருமையா இருக்குதுன்னு அம்மா சொன்னாங்கன்னியே, அது என்னடா?"

"நீ போன வெக்கமாட்டேன்னு நின்ன. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. அம்மாவ எடுத்துட்டு ரெண்டு நாளு. ஊடு நெறைய ஜனம். பக்கத்துல பெரியப்பா நின்னுக்கினு, சொல்லிடாத சொல்லிடாதன்னு கைய காட்டுறாரு. என்னமோ வாயில வந்தத சொன்னேன்."

"வாயில வந்தத."

"நீ சந்தோசப்படுவன்னுதான்க்கா."

அவள் சந்தோஷப்பட்டாள்தான். இரண்டாயிரம் கிலோமீட்டர் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அம்மா போய்விட்டது ஒரு துக்கம். ஆனால் சாம்பலாகிப் போனவளின் வாயில் தம்பி வைத்த ஒரு வாக்கியத்தை இவள் தினமும் காலையில் எடுத்து அணிந்துகொண்டு திரிந்திருக்கிறாள். உண்மையில் அம்மா அவளிடம் கடைசியாகச் சொன்னது "போ" என்பது மட்டும்தான்.

மறுநாள் செங்கம் சாலையில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ரோஸுக்குப் பேசினாள்.

"உன் தம்பி கெஞ்சினான், செல்வி" என்றாள் ரோஸ். "அந்தச் சாலையில் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?"

"சிட்னியில்?"

"அவன்தான், சடங்கு எல்லாம் முடியப்போகிறது, அவள் இருக்கட்டும் என்றான்."

"நீங்கள் சொன்னதாக அவன் சொல்கிறான்."

அன்புச்செல்விக்கு அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டாள்.

"டக்கும் லின்னும்?"

"அவர்கள் என் சிநேகிதர்கள்" என்றாள் ரோஸ் மெதுவாக. "போர்ட் லிங்கனில் இருக்கிறார்கள். செடூனாவில் போய் உன்னைப் பிடிக்கச் சொன்னேன். உனக்கு எப்படியாவது தெரிந்துவிட்டால் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டுமே. லின் தினமும் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். உன்மேல் அவர்களுக்கு உண்மையாகவே பிரியம்."

அன்புச்செல்வி போனை வைத்தாள். லின் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் போடப் போனது நினைவுக்கு வந்தது. டக் மூன்று கோப்பை ரசம் குடித்தது வந்தது. எது பிரியம், எது காவல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. தனியாக ஒரு கண்டத்தைத் தாண்டியதாக நினைத்திருந்தாள். பாதி வழிக்குமேல் அவளைக் கண்ணாடிப் பாத்திரம்போல நடுவில் வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் கலப்படம் இல்லாமல் மிச்சமாக இருந்தவர் மெர்வ் ஒருவர்தான். அவரோடு பழகியது முக்கால் மணி நேரம்.

*

ஒரு வாரம் அவள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், மாடி அறையில் போய்ப் படுத்தாள். எட்டாம் நாள் இளஞ்செழியன் மேலே வந்து கதவருகே நின்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்க்கா. ஆஸ்பத்திரியில வெச்சு அம்மாவே சொன்னாங்க. அவளுக்குச் சொல்லாதீங்க, பாதியில திரும்பி வரவேணாம், ஆசப்பட்டு போயிருக்கான்னு. அதனாலதான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நம்பவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. அம்மா அப்படிச் சொல்லக்கூடியவள்தான். கோபம் எல்லாம் வாயோடு சரி. ஆனால் இதையும் இவன் ஏன் இத்தனை நாள் கழித்துச் சொல்கிறான்?

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கு வார்டில் இருந்தது யார் என்று விசாரித்து, எல்லம்மாள் என்ற ஆயாவைக் கண்டுபிடித்தாள். ஐம்பத்தைந்து வயது. பணி முடிந்து, பின்பக்கம் வேப்பமரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"தனம்னு, செங்கம் ரோட்டு அம்மா. போன மாசம். நான் அவங்க பொண்ணு."

"அடடா. வெளிநாடு போயிருந்த பொண்ணு நீதானா?" எல்லம்மாள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "உன் பேரத்தாம்மா சொல்லிக்கினே இருந்தாங்க கடைசி வரைக்கும்."

"என் பேரு என்னா?"

எல்லம்மாள் விழித்தாள்.

"சமாதானத்துக்குச் சொல்லாதம்மா" என்றாள் அன்புச்செல்வி. "எல்லாரும் எனக்குச் சமாதானம் சொல்லிட்டாங்க. நீ பாத்தத மட்டும் சொல்லு. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு சொல்லு."

எல்லம்மாள் டப்பாவை மூடி வைத்தாள்.

"பேச்சே வரலம்மா. வரும்போதே மூக்குல ஆக்சிஜன் வெச்சுட்டாங்க. உன் தம்பி வெளிய மருந்து வாங்க ஓடிட்டாரு, மருமவ சீட்டு எழுத நின்னுக்கினு இருந்திச்சு. நான்தான் பக்கத்துல. கைய இப்பிடி வாய்கிட்ட கொண்டாந்து காட்டினாங்க, தண்ணின்னு. ரெண்டு ஸ்பூன் குடுத்தேன். குடிச்சாங்க. மூணாவது வேணாம்னு தலைய ஆட்டினாங்க. அவ்ளோதான்."

"வேற ஒண்ணுமே சொல்லல?"

"சொல்ல முடியலம்மா. சொல்ற நெலமையில இல்ல."

அன்புச்செல்வி அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள். செய்தி கேட்ட நாளிலிருந்து அதுதான் முதல் அழுகை. எல்லம்மாள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கூடத்தில் உட்காரவைத்தாள்.

"அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில பேச்சே வரல. நான் கேட்டுட்டு வரேன்."

இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான். காது சிவந்துபோனது.

"நீ பேசாம இருக்கறது தாங்கலக்கா. எதையாவது சொன்னா மனசு ஆறும்னு..."

"இனிமே எனக்கு எதுவும் சொல்லாத. நல்லதுக்குக்கூட சொல்லாத. நீ ஒவ்வொண்ணு சொல்லும்போதும் எனக்கு அம்மா ஒவ்வொரு மொற சாவுறாங்க."

அவன் அழுதான். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

டிசம்பரில் வருவதாக ரோஸ் எழுதினாள். மாடி அறை காலி இல்லை, நான் இருக்கிறேன் என்று ஒரே வரி பதில் எழுதினாள் அன்புச்செல்வி. ரோஸ் வந்து ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் தங்கினாள். அன்புச்செல்வி புல்லட்டைக் கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி அங்கே ஓட்டிக்கொண்டு போனாள். ரோஸ் வெளியே வந்து இரண்டு கையையும் நீட்டினாள். அன்புச்செல்வி அந்தக் கையில் சாவியை வைத்தாள்.

"உன் நன்மைக்காகத்தான் செய்தோம், செல்வி."

"தெரியும்" என்றாள் அவள். "என் அம்மா செத்தது என்னைத் தவிர உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள், படம் எடுத்தீர்கள். அந்தப் படங்களில் நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா? முட்டாள்போல இருக்கிறேன்."

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். இரண்டு மாதம் பஸ்ஸிலும் கால்நடையாகவும் கிராமங்களுக்குப் போனாள். பிறகு பழைய வண்டி ஒன்று வாங்கினாள், நூறு சி.சி. ரோஸ் அதற்குப் பிறகும் இரண்டு குளிர்காலம் வந்தாள். தெருவில் பார்த்தால் நின்று பேசுவார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார்கள். வீட்டுக்கு வா என்று அவள் கூப்பிடவில்லை.

தம்பியோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். பேச்சும் மெல்ல மெல்ல வந்துவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. கேஸ் தீர்ந்துபோச்சு என்று அவன் சொன்னால் அவள் போய் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பாள். வேதா தூங்குறா என்றால் எட்டிப் பார்ப்பாள். வேண்டுமென்று செய்வதில்லை, கால் தானாகப் போகும். அவனும் அதைப் பார்ப்பான், வழிவிட்டு நகர்ந்துகொள்வான்.

2006 ஆவணியில் ஒரு காலை, சொமாசிபாடியில் ஒரு கொட்டகையில் மாட்டருகே நின்றிருந்தபோது அவளுடைய செல்போன் அடித்தது. இளஞ்செழியன்.

"பொண்ணு பொறந்திருக்குதுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"அப்பிடியா" என்றாள்.

குரலில் ஒன்றும் இல்லை. அவனுக்கும் அது கேட்டிருக்கும். "நீயே வந்து பாருக்கா" என்றான்.

கையைக் கழுவிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பிரசவ வார்டில் வேதா களைத்துப்போய்க் கண் விழித்திருந்தாள். அன்புச்செல்வி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டு இரத்த அழுத்தம் எவ்வளவு, குழந்தை எடை எவ்வளவு என்று கேட்டாள். கட்டில் காலில் மாட்டியிருந்த அட்டையை எடுத்துத் தானே ஒருமுறை படித்தாள். பிறகு குனிந்து, துணி மூட்டைக்குள் இருந்த அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்து, மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வெதுவெதுப்பாக வந்து போயிற்று.

கதவருகே தம்பி நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பி, "ஆமாண்டா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.